டைவாவின் சரியான வாக்கியம்

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். இங்கிலாந்தில், எங்கள் லிங்கன்ஷயர் ஊர் நூலகத்தில், நான் செய்தித்தாள் படிக்கிற மேசைக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். கதை, அங்கே பாடம் நடத்தும் க்ளெனிஸுடையது. பயம் எனக்கும் சேர்த்து.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை—

வேண்டாம். இங்கே மழை பெய்யாத செவ்வாய்க்கிழமை வந்தால்தான் எழுதவேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: அன்று பாடம் ‘ஹூ’வும் ‘விச்’சும். கேள்வி கேட்கவும் அதே சொல், ஒருவரைப் பற்றி விவரம் சேர்க்கவும் அதே சொல். (நமக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘யார்’ கேட்பதோடு சரி. விவரத்தை ஆளுக்கு முன்னாலேயே வைத்துவிடுவோம்.) ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னாள் க்ளெனிஸ். முட்டைக்கோஸ் ஆலையில் வேலை செய்யும் போர்ச்சுக்கீசியன் ஜோக்கிம், தன் மேற்பார்வையாளரைப் பற்றி ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். அடுத்தது லித்துவேனியப் பெண் டைவா.

“என் வீட்டுக்காரர், கதவை வெளியிலேர்ந்து பூட்டுற மனுஷர்” என்றாள், ‘விச்’ போட்டு.

“விச் பொருளுக்குத்தான் கண்ணு. மனுஷங்களுக்கு ஹூ. இன்னொரு தரம் சொல்லு.”

டைவா திருத்திச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிரமாதம், அடுத்த ஆள் என்றாள் க்ளெனிஸ்.

3

இடைவேளையில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபோதுதான் டைவா சொன்னது க்ளெனிஸுக்கு உறைத்தது. பிஸ்கட் பாதி கோப்பைக்குள் விழுந்தது. என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டுமே கேட்டுப் பழகிய காது. யார், எப்போது, ஏன்: கேட்கவேண்டிய சொற்களெல்லாம் பலகையிலேயே இருந்தன. கேட்டால் அடுத்த வாரம் டைவாவைக் கணவன் வகுப்புக்கு விடமாட்டானோ? கேட்காவிட்டால்?

(கணவனை முதலில் முரட்டு மீசையும் சிவந்த— எழுதியதை அடித்துவிட்டேன். அவன் அப்படியில்லை. விடியற்காலை வேலைக்குப் போகிறவன், தூங்குகிறவளை எழுப்பாமல் பூட்டிக்கொண்டு போகிறானோ என்னவோ. இப்படி எழுதினால் எனக்கு நிம்மதி. க்ளெனிஸுக்கு இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னபோது டைவா பலகையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தாள்.)

4

முடிவு ஒன்று: வகுப்பு முடிந்ததும் க்ளெனிஸ் டைவாவைத் தனியே அழைத்து— எழுதிப் பார்த்தேன். அதற்குள் கணவன் வந்துவிட்டான்.

முடிவு இரண்டு: அவன் கார் வழியில் நின்றுவிடுகிறது. இது பயத்தில் நான் செய்த ஏற்பாடு; இதுவும் வேண்டாம்.

ஆக, அவன் வந்தான். மிதியடியில் காலைத் துடைத்தான். டைவாவுக்குக் கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டபடி மரியாதையாகக் கேட்டான். “எப்படிப் படிக்கிறா டீச்சர்? இன்னைக்கு என்ன சொன்னா?”

க்ளெனிஸ் பலகையை அழிக்கத் திரும்பினாள். டைவாவின் கை பொத்தானிலேயே நின்றது.

ஜோக்கிம்தான் உற்சாகமாக முன்னால் வந்தான். “உங்களைப் பத்தித்தான் அண்ணே. நாங்க கையே தட்டினோம். என்ன சொன்னான்னா—”

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவன் வாயை மூட அந்த அறைக்குள் ஆள் இல்லை. நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள். அந்த அறைக் கதவு பூட்டியில்லை.