மாமியாருக்கு ஒரு நல்லதண்ணிக் குளியல்

பல் டாக்டரம்மாவின் கணவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டா என்பதே அந்தத் தெருவில் பலருக்குச் சந்தேகம். எல்லோருக்கும் அவர் 'டாக்டரம்மா வீட்டுக்காரர்'. கட்டட வரைபடம் போடுகிற வேலையை விட்டுவிட்டு, மனைவியின் கிளினிக்கைக் கவனிக்க வந்தவர். ஃபோன் எடுப்பது, டோக்கன் கொடுப்பது, அழுகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவது எல்லாம் அவர் பாடு. அங்கே அவருக்கென்று இருந்த ஒரே சொத்து, காத்திருக்கும் அறையில் ஒரு சுவரையே அடைத்து நின்ற கடல்மீன் தொட்டிதான்.

அந்தத் தொட்டியை ஆண்டது 'மாமியார்'. நீலத்தில் மஞ்சள் வரி ஓடிய பெரிய ஏஞ்சல் மீன். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் கண்ணாடியோரம் வந்து, தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்க்கும். பிறகு 'இதெல்லாம் ஒரு முகமா' என்பதுபோல் திரும்பிப் போய்விடும். பெயர் வைத்தது டாக்டரம்மாதான். "எங்க அத்தைகூட என்னை இப்படிப் பார்த்ததில்லைங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். பல் பிடுங்க வந்தவர்கள் பயத்தை மறந்து சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மாமியார் படுத்துவிட்டது. பாறையில் உடம்பைத் தேய்த்தது, தலையை உதறியது. ஒரு கண் பால் படிந்ததுபோல் மங்கியது. சாப்பாட்டைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உடனே மச்சான் வந்து இறங்கினார். டாக்டரம்மாவின் அண்ணன், வண்ண மீன் கடை வைத்திருப்பவர். தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளைப்புள்ளி நோய், மாப்ள. தாமிர மருந்து போடுங்க, பறந்துடும்."

"புள்ளியே இல்லையே மச்சான்?"

"இனிமே வரும்."

மாப்பிள்ளை, மாமியாரைப் பக்கத்திலேயே இருந்த தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்தை ஊற்றினார். பறந்தது நோயல்ல, மாமியாரிடம் மிச்சமிருந்த தெம்புதான். மேல்தோல் திட்டுத்திட்டாக வெளிறி, ஒரு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

டாக்டரம்மா அன்று மதியம், அண்ணனும் கூட இருக்க, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "வாசல்லயே ஒரு நோயாளி சாகக் கிடந்தா, உள்ள வர்றவங்க என்னைப் பத்தி என்னங்க நினைப்பாங்க? எனக்கும் அதைப் பார்க்க மனசு தாங்கல. திங்கக்கிழமைக்குள்ள தேறலைன்னா தொட்டியை அண்ணா எடுத்துட்டுப் போகட்டும். இங்க ஒரு டிவி வச்சுக்கலாம்."

"பெரிய தொட்டி. எனக்குத்தான் எடமில்ல, இருந்தாலும் தங்கச்சிக்காக எடுத்துக்கறேன்" என்று மச்சான் பெரிய மனது பண்ணினார். கையில் அளக்கிற டேப் வேறு தயாராக இருந்தது.

 மீன் போனால் தொட்டி போகும். தொட்டியும் போய்விட்டால் அந்தக் கிளினிக்கில் தனக்கு மிஞ்சுவது டோக்கன் கட்டு மட்டும்தான் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அழுகை வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு மாமியார் முன்னால் உட்கார்ந்தார்.

மீன் நோய்களைப் பற்றி அவர் படித்துவைத்ததெல்லாம் அப்போதுதான் வரிசைக்கு வந்தது. வெள்ளைப்புள்ளி என்றால் உப்பைத் தூவியதுபோல் தெரியவேண்டும். இல்லை. தூசி நோய் என்றால் பக்கவாட்டில் வெளிச்சம் அடிக்கும்போது பொன்தூள் பூசியதுபோல் மின்னவேண்டும். அதுவும் இல்லை. ஆனால் அரிப்பு இருக்கிறது, கண் மங்கியிருக்கிறது, தோல் வெளிறியிருக்கிறது. அப்படியானால் ஒட்டுப்புழு. மீனின் தோலிலும் கண்ணிலும் தட்டையாக ஒட்டிக்கொண்டு தின்னும். கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. தாமிர மருந்து அதை ஒன்றும் செய்யாது.

எங்கிருந்து வந்தது? அதை நினைத்தபோது அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புது மீன் எது வந்தாலும் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். போன மாதம் கல்யாண நாளுக்கு மச்சான் ஒரு மஞ்சள் மீன் கொண்டுவந்தார். தனித் தொட்டியைக் கண்டதும் முகம் சுண்டிவிட்டது. "என்ன மாப்ள, தங்கச்சி வீட்டுக்கு நான் நோயையா கொண்டாருவேன்?" பெண் கொடுத்த வீட்டு மனிதரிடம் எப்படி ஆமாம் என்பது? மஞ்சள் மீனை மரியாதையாக நேரே பெரிய தொட்டியில் விட்டார்.

சனிக்கிழமை காலை, காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, வீட்டுக்காரர் வெள்ளை டப் ஒன்றை மேசைமேல் வைத்தார். அதில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர். மாமியார் இருந்த தண்ணீரின் சூட்டுக்கே கொண்டுவந்து, காரத்தன்மை சரியாக இருக்கச் சமையல் சோடா கலந்து, காற்றுக்குழாயும் போட்டிருந்தார்.

"என்ன பண்றீங்க மாப்ள?" மச்சான் பதறினார். டேப்போடு வந்தவர் அவர். "கடல் மீனை நல்ல தண்ணியில போட்டா துடிச்சு செத்துடும்!"

"மீன் கொஞ்ச நேரம் தாங்கும் மச்சான். புழு தாங்காது."

"எந்தப் புழு? நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுதான் அவருக்கும் உதைத்தது. ஆனாலும் மாமியாரை அள்ளி டப்பில் விட்டார். பிள்ளைகள் பல் தேய்க்க நேரம் பார்ப்பதற்காக டாக்டரம்மா வாங்கி வைத்திருந்த மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

மாமியார் இரண்டு சுற்றுச் சுற்றியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது.

"போச்சு!" என்று ஒரு அம்மா வாயைப் பொத்தினாள். "கொன்னுட்டீங்களே மாப்ள" என்று மச்சான் டப்புக்குள் கையை விடப்போனார். உள்ளேயிருந்து கையுறையோடு ஓடிவந்த டாக்டரம்மா, கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் மீனின் செவுளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். செவுள் திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது.

"கையை எடுங்க மச்சான்" என்றார். அந்தக் குரலை அவள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. மச்சானும் கேட்டதில்லை. கை தானாக வெளியே வந்தது.

மணல் தீர்ந்தது. கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். அப்போதுதான் மாமியாரின் மங்கிய கண்மேல் ஒரு வெள்ளைப் பொட்டுத் தோன்றியது. முதுகில் ஒன்று. வாலருகே நாலைந்து. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் நல்ல தண்ணீர் பட்டு வெளுத்து, எள்ளளவு தகடுகளாக உதிர்ந்தன. டப்பின் அடியில் வெள்ளையாய் அப்பிக்கொண்டன.

"அது செதில், மாப்ள" என்றார் மச்சான். குரலில் பழைய சுருதி இல்லை.

டாக்டரம்மா தலையில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கி, விளக்கைப் போட்டாள். பல் இடுக்கில் காரை தேடுகிற அதே கண்ணோடு குனிந்தாள். ஒன்றைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டாள். 

"அண்ணா, பின்பக்கம் ஒட்டிக்கறதுக்கு வட்டமா ஒரு கிண்ணம் இருக்கு. இது இன்னும் சுருண்டு சுருண்டு நெளியுது. செதில் நெளியுமா?"

 மூலையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த லாரி டிரைவர், மூன்று தடவை வந்தும் டாக்டரம்மாவுக்கு வாயைத் திறந்து காட்டாத மகராசன், எட்டிப் பார்த்து, "யம்மாடி!" என்று குகைபோல் வாயைப் பிளந்தார். டாக்டரம்மா விளக்கோடு திரும்பினாள். "அப்படியே இருங்க! மேல் வரிசை, கடைசிப் பல்!"

அறை அதிர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே மாமியாரைச் சுத்தமான உப்புத் தண்ணீருக்கு மாற்றினார் வீட்டுக்காரர். அது தள்ளாடி நிமிர்ந்தது. கண்ணாடியோரம் வந்தது. மச்சானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. புழு போனாலும் முட்டை பெரிய தொட்டியில் இருக்குமே. அங்கே புழு மருந்து போட்டார். முட்டை பொரிகிற நேரம் கணக்குப் பார்த்து, மறுபடியும் போட நாள் குறித்துவைத்தார். மச்சானின் மஞ்சள் மீனும் அப்போதே டப்பில் குளித்தது. அதனிடமிருந்துதான் அதிகம் உதிர்ந்தது.  வீட்டுக்காரர் டப்பை மச்சான் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

மச்சான் டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "மாப்ள, நம்ம கடையிலயும் ரெண்டு மூணு பாறையில தேச்சுக்கிட்டு இருக்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போறீங்களா?" என்றார்.

"தனித் தொட்டி வச்சா வர்றேன்."

"வைக்கறேன் மாப்ள, வைக்கறேன்."

மாமியார் கண் தெளிந்து, பழையபடி வருகிறவர்களை எடைபோட ஆரம்பித்த ஒரு காலையில் ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர் மச்சான் கடையில் இருந்தார், முழங்கை வரை தண்ணீரில். டாக்டரம்மா எடுத்தாள். யாரோ தெரியாத குரல், தன் மீன் சாப்பிடவில்லை என்று பதறியது.

"பயப்படாதீங்க, வந்துடுவார்" என்றாள் அவள். தொட்டியைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "நான் மீன் டாக்டர் வீட்டுக்காரி பேசறேன்."