மடங்காத காலுக்கு ஒரு வண்டி

“மடங்காத காலுக்குன்னு ஒரு வண்டி யாருமே செய்யிலியாப்பா?” என்று இசபெல்லா கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு வரும் பஸ்ஸில் அப்பனும் மகளும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யாகப்பனின் வலது கால் வழக்கம்போல நடைபாதையில் நீட்டிக்கொண்டு கிடந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் அந்தக் காலைத் தன் செருப்பு நுனியால் இரண்டு தட்டு தட்டி, மடக்கச் சொன்னான். மடங்காதுங்க என்றான் யாகப்பன். “மடங்காதுன்னா அதுக்குத் தனியா ஒரு லக்கேஜ் டிக்கெட் வாங்குய்யா” என்றான் கண்டக்டர். பஸ் சிரித்தது. யாகப்பனும் சிரித்தான். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று இந்த மூன்று வருஷத்தில் அவன் கற்றிருந்தான். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். பஸ் முன்னைவிடப் பலமாகச் சிரித்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம்வரை யாகப்பனுக்கு இரண்டு காலும் மடங்கும். தீர்த்தகிரியின் பம்புசெட் பட்டறையில் வெல்டிங் வேலை. ஒரு கமலைக் கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்தது. கீழே படியில் நின்றிருந்தவனின் முட்டியில் மோட்டார் விழுந்து, காலைக் கல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. தண்ணீர் கழுத்துவரை. மேலே நின்ற நாலு பேரும் ஐயோ என்று கத்திக்கொண்டிருக்க, முதலாளி தீர்த்தகிரிதான் வேட்டியோடு குதித்தான். காலை வெயில் ஏறியதிலிருந்து உச்சிவரை, வேறு சங்கிலி வந்து மோட்டாரைத் தூக்கும்வரை, அவன் தண்ணீரில் நின்று யாகப்பனின் மோவாயைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தான். “தூங்காத யாகப்பா. ஏதாச்சும் பேசிக்கினே இரு யாகப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவன் யாகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டான். முட்டி இறுகிப்போய் நேராகவே நின்றுவிட்ட காலோடு பட்டறைக்குள் நுழைந்த முதல் நாளே, “வாடா கம்பி” என்றான். ஊருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. கிணற்றில் இறங்க முடியாதவனுக்கு முக்கால் கூலி போதும் என்று ஆயிற்று. ஒரே மனிதனுக்குள் இந்த இரண்டு பேரும் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று யாகப்பன் ஜெபத்தில் பலமுறை கேட்டிருக்கிறான். ஒன்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த உள்ளங்கைக்கு அவன் இன்னும் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மகள் கேட்டு ஆறு மாதம் கழித்துப் பதில் மஞ்சவாடிக் கணவாய் வழியாக வந்தது. திருவண்ணாமலைக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரன், தாடியும் அழுக்கு ஜிப்பாவுமாக, ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றான். அப்படி ஒரு வண்டியை ஊர் பார்த்ததில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களும் வெள்ளாட்டைக் கயிறு போட்டு இழுப்பதுபோல முன்னால் நீண்டு கிடந்தன. சீட்டு தரையோடு தாழ்ந்திருந்தது. அவன் அதைச் சாப்பர் என்றான். ஒடிந்திருந்த தாங்கியைப் பற்றவைத்துக் கொடுத்த யாகப்பனை, கைகாட்டி, ஏறி உட்காரச் சொன்னான். யாகப்பன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். கால் வைக்கும் கட்டை எங்கோ முன்னால் இருந்தது. வலது காலை நீட்டினான். அது நேராகப் போய், தனக்கென்றே செய்துவைத்ததுபோல, அந்தக் கட்டையின்மேல் உட்கார்ந்தது. மூன்று வருஷத்தில் அந்தக் கால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

ஒரு வண்டி இருந்தால் கிணறு கிணறாக அவனே போகலாம். வெல்டிங் சாமான்களைப் பின்னால் கட்டிக்கொண்டு சித்தேரி அடிவாரம்வரைக்கும் போய்த் தனியாகப் பிழைக்கலாம். கம்பி என்று கூப்பிடுகிற வாய்க்குக் கீழே நிற்க வேண்டியதில்லை.

பட்டறைக்குப் பின்னால், மிலிட்டரி ஏலத்தில் எடுத்து வந்து ஓட்டாமலே துருவேறிப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எருக்கஞ்செடிக்குள் கிடந்தது. அதைக் கேட்டான். தீர்த்தகிரி யோசித்து, ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றான். ஞாயிறு என்று தெரிந்தேதான் கேட்டான். ஐம்பத்திரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விலை என்பது யாகப்பனின் மனைவி இன்னாசியம்மாளின் முகத்தில் தெரிந்தது. வாராவாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போய், அவனுக்கும் சேர்த்து முழங்காலிட்டுவிட்டு வந்தாள். அவனால் முழங்காலிடவும் முடியாது என்பதால் அது இருவருக்குமே ஒருவகையில் சரியாக இருந்தது.

அவன் அதற்கு முன் ஒரு சைக்கிள்கூடக் கட்டியதில்லை. இன்ஜினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றையும் சுவரில் கரிக்கோட்டால் வரைந்து வைத்தான். கியரைக் காலால் மாற்ற முடியாது என்பதால் டேங்கின் ஓரமாகக் கையால் தள்ள ஒரு தடி வைத்தான். இடது கால் பிரேக்கை முன்னால் இருக்கும் கட்டைவரை நீட்டினான். இரண்டு தடவை செயின் வரிசை தப்பி, மறுபடி எல்லாவற்றையும் அவிழ்த்தான். நீளமான முன்கால்களுக்கு அவனுக்குத் தெரிந்த குழாய் ஒன்றுதான், கிணற்றுக்குப் போடும் தண்ணீர்க் குழாய். அதை அவனுக்குத் தெரிந்த முறையிலேயே சோதித்தான். ஒரு முனையை அடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, நிமிர்த்திவைத்து, தகட்டை உருட்டிப் பற்றவைத்த நெடுக்கு இணைப்புக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினான். விடிந்து பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகியிருக்கவில்லை. நல்ல குழாய் என்று அந்த ஊரில் எந்தக் கிணற்றுக்காரனும் ஒத்துக்கொண்டிருப்பான்.

டீக்கடைக்கு அவன் வண்டி நல்ல தீனியாயிற்று. “இவன் இங்க டீ குடிச்சிக்கினு இருப்பான், முன்சக்கரம் அரூர்ல பரோட்டா துன்னுக்கினு இருக்கும்” என்றான் கறிக்கடை சென்னப்பன். ஒருநாள் யாரோ வண்டியின் சீட்டில் ஒரு பழைய ஊன்றுகோலை வைத்துச் சாமந்திப்பூ மாலை போட்டிருந்தார்கள். யாகப்பன் மாலையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலின் கட்டையைச் சீவிக் கியர் தடிக்குப் பிடி போட்டுக்கொண்டான்.

எழுபத்து நான்காம் வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரம், வண்டி கிளம்பியது. இசபெல்லாவைப் பின்னால் உட்காரவைத்து பொம்மிடி ரயில்வே கேட்வரை போய்த் திரும்பினான். புளியமரங்கள் பின்னால் ஓடின. அவள் வழியெல்லாம் அவன் முதுகில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள். வழியில் அந்த அரூர் பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் படியில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்தான். யாகப்பன் சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பட்டறை வாசலில் தீர்த்தகிரி காத்திருந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். ஹாண்டில்பாரைத் தடவினான். டீக்கடைக் கூட்டம் எழுந்து வந்து நின்றது. மகளை இறக்கச் சொல்லிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினான்.

“ஒரு வருசத்து ஞாயித்துக்கெழம உழச்சிருக்கேங்க” என்றான் யாகப்பன்.

“உழச்ச, இல்லேங்கல. பழைய இரும்புதான கேட்ட, கொடுத்தேன். வண்டியா கொடுத்தேன்? வண்டி புக்குல யாரு பேரு இருக்குது?” தீர்த்தகிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். “எத்தன கிலோன்னு எடை போட்டு, அந்தக் குவியல்ல இருந்து அவ்ளோ இரும்பு எடுத்துக்கினு போடா கம்பி.”

சென்னப்பன்தான் முதலில் சிரித்தான். தீர்த்தகிரி தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி, கடைத்தெருவில் மெதுவாக ஒரு சுற்று வந்தான். மடங்குகிற கால்கள். இசபெல்லா அப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் யாகப்பனுக்கு வீடுவரை வலித்தது.

அதன்பிறகு சாயங்காலம் தவறாமல் தீர்த்தகிரி கடைத்தெருவில் ஊர்வலம் போனான். யாகப்பன் அதே பட்டறையில், அதே முக்கால் கூலிக்கு. மூன்றாவது வாரம் ஒரு மோட்டாரைத் தூக்க, அந்தக் குழாயில் மிஞ்சிய துண்டைச் சங்கிலிக்குக் குறுக்குக் கட்டையாகப் போட்டார்கள். மோட்டார் தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியதும் குழாய் வளைந்து, இணைப்புக் கோட்டில் அவரைக்காய் உரித்ததுபோலப் பிளந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. மற்றவர்கள் மோட்டாரைப் பார்த்தார்கள். யாகப்பன் பிளந்த வாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். தண்ணீரைத் தாங்குகிறதா என்றுதான் அவன் பார்த்தான். ஆளைத் தாங்குமா என்று பார்க்கவே இல்லை. அந்தக் குழாயின்மேல் தன் மகளை ஏற்றிப் பொம்மிடிவரை போய் வந்திருக்கிறான்.

அன்றே தீர்த்தகிரியிடம் போய்ச் சொன்னான். முன்கால் தாங்காது, தெருவில் மெதுவாகப் போகும்வரை பரவாயில்லை, மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தால் பிளந்துவிடும், மாற்றித் தருகிறேன் என்றான். தீர்த்தகிரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டான்.

“வண்டி உங்கையில இருந்தப்ப தாங்கிச்சி. எங்கைக்கு வந்தா தாங்காதா?”

இதையும் டீக்கடை கேட்டது. பொறாமையில் வெந்து சாகிறான் என்றார்கள். மறுவாரத் திங்கட்கிழமை கணவாய் வழியாகச் சேலம்வரை போய்க் காட்டுகிறேன் என்று தீர்த்தகிரி எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி பாவம் என்னுடையதில்லை என்று யாகப்பன் தனக்குள் சொல்லிப் பார்த்தான். முன்கால் பிளந்து, ஊர்ச் சிரிப்பு கணவாயின் ஒரு வளைவில் அடங்கிக் கிடப்பதையும் மனதில் பார்த்தான். அந்தக் காட்சி அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் கண்டு பயந்தான்.

அவன் வீட்டுச் சுவரோரம் நாலு அடிக் குழாய்கள் இரண்டு இருந்தன. அந்த வாரம்தான் கணவாயில் கவிழ்ந்த ஒரு லாரியை அறுத்தெடுக்கும் வேலைக்குப் போய், கூலிக்குப் பதிலாக அதன் அடிப்பாகத்திலிருந்து அறுத்து வாங்கியவை. இணைப்பே இல்லாத தடித்த இரும்பு. அவற்றை வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இன்னாசியம்மாளிடம் சொல்லியிருந்தான். இன்னொரு ஜோடி அவன் ஆயுளில் கிடைக்குமா என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தீர்த்தகிரி குடும்பத்தோடு அரூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். பட்டறைச் சாவி ஒன்று எப்போதும் யாகப்பனிடம் இருக்கும். “நீங்க முன்னால போங்க” என்று மனைவியையும் மகளையும் பூசைக்கு அனுப்பினான். அவன் பூசை தவறிய ஐம்பத்து மூன்றாவது ஞாயிறு. இன்னாசியம்மாள் சுவரோரம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தாளோ என்னவோ, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, லாரிக் குழாயை இரண்டு கல்லின்மேல் குறுக்கே வைத்தான். இந்தத் தடவை தண்ணீர் ஊற்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி, மடங்காத காலில் முழு பாரத்தையும் போட்டு நின்றான். குதித்தும் பார்த்தான். அசையவில்லை. பிறகு வண்டியின் முன்கால்களைக் கழற்றினான். ஒன்றில், பற்றவைத்த இடத்துக்கு ஒரு விரல் கீழே, தலைமுடிபோல ஒரு கோடு ஏற்கெனவே ஓடியிருந்தது. அதைத் தொட்டான். கிணற்றுத் தண்ணீரின் குளிர் மோவாயில் ஏறியது. தூங்காத யாகப்பா.

கரண்டு போவதற்குள் பற்றவைத்து முடித்தான். அரத்தால் தேய்த்து, பழைய கறுப்பு வர்ணத்தையே பூசி, மேலே கொஞ்சம் பட்டறைத் தூசியையும் கையால் தூவினான். பூசையில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்குக் கோயில் மணி அடித்தபோது அவன் முன்சக்கரத்தின் கடைசி மரையை முடுக்கிக்கொண்டிருந்தான். கையை நிறுத்தி, தலைகுனிந்து, மணி ஓயும்வரை நின்றான். எல்லாம் முடிந்தபின் வண்டியின்மேல் ஒரு தரம் உட்காரலாமா என்று நினைத்தான். உட்காரவில்லை. சிந்திய இரும்புத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, கதவைப் பூட்டினான்.

கழற்றிய தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தான். கொல்லையில் இன்னாசியம்மாளின் அவரைப் பந்தல் தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. கோடு விழுந்த துண்டை அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒன்றோடொன்று சேர்த்து, தொட்டி வாயிலிருந்து பாத்திவரை இறக்கிவைத்தான். அடைப்பை எடுத்தான். தண்ணீர் உள்ளே சத்தமில்லாமல் ஓடி, அவரைக்கொடியின் வேரில் போய் விழுந்தது. அவன் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, பழக்கத்தில், இணைப்புக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினான். விரல் ஈரமாகவில்லை.