தாழ்ந்த பாதி

சாமியானா கம்புகளுக்குத் தோண்டிய குழிகளில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் ஐப்பசி மழை. கரிசல் மண் இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஆட்கள் குழிகளை விட்டுவிட்டு, மணல் நிரப்பிய டின்களில் கம்புகளை நட்டார்கள்.

வீட்டுக்குள்ளே உச்சிமாகாளியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மக்காச்சோளக் காட்டில் வடிகால் வெட்டப் போனவர் நேற்று இருட்டும்வரை திரும்பவில்லை. மனைவி இசக்கித்தாய் தேடிப் போனபோது வரப்பில் சாய்ந்து கிடந்தார். பிள்ளைகள் கிடையாது.

தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்று மூன்று வருடமாக வடிகால் வெட்டினார். மானாவாரிக் காட்டில் மழைத் தண்ணீரை வெளியே விடுகிறானே என்று ஊர் சிரித்தது. போன வருடம் மேட்டுப் பாதியில் ஏக்கருக்கு எட்டு மூட்டை கூடுதலாக விளைந்த பிறகு சிரிப்பு நின்றது. தாழ்ந்த பாதிக்குத்தான் வழியில்லை. தம்பி தங்கப்பழத்தின் வரப்பைத் தாண்டினால்தான் அந்தத் தண்ணீர் ஓடையில் விழும். தங்கப்பழம் விடவில்லை. இருவரும் பேசி இரண்டு வருடமாகிறது. அந்த வரப்பு வரைக்கும் வெட்டிவிட்டுத்தான் உச்சிமாகாளி செத்திருந்தார்.

கொள்ளி வைக்கத் தங்கப்பழம் வந்தார். அண்ணனின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றார்.

"மதினி, என்ன செய்யணும்னாலும் சொல்லுங்க. நான் செய்யுதேன்."

சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். இசக்கித்தாய்க்கு அழுகை வரவில்லை. கதிர் பிடிக்கிற பயிர், இன்னும் ஒரு நாள் தாங்காது என்பதே மனசில் ஓடியது.

"ஒங்க வரப்ப வெட்டி விடுங்க, தம்பி. தண்ணி போவட்டும்."

அழுகை சட்டென்று அடங்கியது. பேசுகிற நேரமா இது என்று யாரோ முனகினார்கள். தங்கப்பழம் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். பாடை தெருமுனையில் திரும்பி மறைந்தது.

மறுநாள் விடியும்போது உறவுக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கித்தாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போனாள்.

வரப்பு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முழ அகலத்துக்கு, ஆழமாக, ஓடை வரைக்கும். வெட்டிய ஆளைக் காணவில்லை. கலங்கல் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இங்கன பாருங்க, வடியுது" என்று பழக்கத்தில் புருஷனிடம் திரும்பினாள்.

பின்னால் பயிர்தான் நின்றது.

வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தாள். தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. வடிகாலை ஒட்டி, உச்சிமாகாளி நின்று வெட்டிய இடத்தில், கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்த காலடிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருந்தது.

ஒன்றையும் மிதிக்காமல் சுற்றி நடந்து, இசக்கித்தாய் வரப்பில் ஏறினாள்.