பிரிந்து போனவர்கள் எழுதிய காரணம்

நாற்பத்தெட்டு வயதில், விட்ட படிப்பை மறுபடி தொடங்கிய மரியரஞ்சனிக்கு வரலாற்றுப் பாடத்தில் வந்த கேள்வி அமெரிக்காவைப் பற்றியது. 1860-61இல் தென் மாநிலங்கள் ஏன் நாட்டை விட்டுப் பிரிந்து போயின? அந்த மாநிலங்களே அன்றைக்கு எழுதிவைத்த ஆவணங்களை வாசித்து விடை எழுத வேண்டும்.

கணவர் கிளெமென்ற்றுக்கு வாசிக்காமலே விடை தெரிந்திருந்தது. ஒஸ்லோவில் இருபது வருடமாக பஸ் ஓட்டும் அவர், தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருப்பதாக இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. வடக்கு வரி போட்டு நசுக்கியது, தெற்கு பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரிந்தது, அவ்வளவுதான் என்றார். அடிமைக் கதையெல்லாம் வென்றவர்கள் பிறகு கட்டியதாம். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர் அவர். பிரிந்துபோக நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கும் என்றே நம்பினார்.

மரியரஞ்சனி மறுத்துப் பேசவில்லை. நான்கு மாநிலங்களின் பிரகடனங்களை அச்செடுத்துக் குசினி மேசையில் வைத்தாள். தனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, வரியைப் பற்றி முறையிடும் இடங்களுக்கு மட்டும் கோடு போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். கிளெமென்ற் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார்.

மிசிசிப்பியில் பேனைக்கு வேலை வரவில்லை. தங்கள் நிலைப்பாடே அடிமை முறையோடு பிணைந்தது என்று அது தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. தென் கரோலினா, தப்பியோடும் அடிமைகளை வடக்கு பிடித்துத் தருவதில்லை என்று குறைப்பட்டது. டெக்சாஸ் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்று எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கிளெமென்ற் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். ஜோர்ஜியாவில்தான் முகம் மலர்ந்தது.

"இந்தாரும், இஞ்சை வரி கிடக்கு."

"அதுக்குக் கீழை என்ன போட்டிருக்கு?"

கீழே வாசித்தார். "அது பதினைஞ்சு வருசத்துக்கு முந்தியே தீர்ந்த பிரச்சினையாம்," என்றார் மெல்ல.

அப்படியென்றால் இந்த வரிக்கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அது பெரும்பாலும் போரில் தோற்ற பிறகு அவர்கள் எழுதிய நினைவுகளில் வலுத்த கதை என்று அவள் விளக்கினாள். எதையும் எப்போது எழுதினார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் வாத்தியார்.

பிறகு அதே குரலில், ஒன்பது வருடத்துக்கு முன் அவர் ஏன் இந்திரகுமாரின் பட்மின்ரன் கழகத்தை விட்டுப் பிரிந்து, ஆறு பேரோடு தனிக் கழகம் தொடங்கினார் என்று கேட்டாள். கழக யாப்பை, அதன் சட்டதிட்டங்களை மீறினார்கள், கொள்கைப் பிரச்சினை என்றார் கிளெமென்ற். போகிற வீடெல்லாம் சொல்கிற காரணம்தான் அது.

"உங்கடை விலகல் கடிதத்தை நான்தானே ரைப் பண்ணினனான். இப்பவும் கொம்பியூட்டரிலை கிடக்கு. அதிலை யாப்பு எண்ட சொல்லே இல்லை. பேர்கனிலை நடந்த போட்டிக்கு உங்கடை பேரைப் போடேல்லை எண்டுதான் மூண்டு பந்தியும்."

கிளெமென்ற் பேனையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"அந்த நேரம் நான் நல்லா விளையாடினனான்," என்றார்.

"ஓம், அதையும் எழுதியிருக்கிறியள்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய கழகத்தில் இப்போது மிஞ்சியிருந்தது அவரோடு சேர்த்து மூன்று பேர். இரட்டையர் ஆட்டத்துக்கே ஆள் போதாமல், சனிக்கிழமைகளில் ஒருவர் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு இந்திரகுமாருக்குத் தொலைபேசி எடுத்தார். முக்கால் மணிநேரம் கதைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை ட்வெய்ட்டா விளையாட்டு மண்டபத்தில் இந்திரகுமாரையும் சேர்த்து நாலு பேராக விளையாடினார்கள். வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றுமுன்னே, இந்திரகுமாருக்கு இப்போது வலது முழங்கால் சுத்தமாகச் சரியில்லை என்று மிகுந்த திருப்தியோடு மனைவியிடம் சொன்னார்.