செபஸ்தியம்மாவின் முறை

செபஸ்தியம்மா கேத்தலைத் தூக்கி, கொதிக்கக் கொதிக்க இருந்த கோப்பி முழுவதையும் வாவிக்கரை மணலில் கொட்டினாள். சங்கத்தார் ஆறு பேரும் கால்களை இழுத்துக்கொண்டார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு அது. புளியந்தீவில் வாவியோரம் ஒரு வேதக்கோயில் வளவின் பின்கொட்டிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் கூடுகிற சங்கம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கத் தாங்களே தொடங்கியது. தலைவர் என்று எவரும் கிடையாது. கிழமைக்கு ஒருவர் முன்னிருந்து பேசுவது, இன்னொருவர் கொட்டில் கூட்டிக் கோப்பி ஊற்றுவது என்று ஏற்பாடு. இறால் விற்கும் செபஸ்தியம்மாவும் அவர்களைப் போலக் கள்ளில் விழுந்து எழுந்தவள்தான். புருசன் செத்த பிறகு கள்ளுத் தவறணையே கதியென்று கிடந்தவள். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து விளக்குமாறும் கேத்தலும் அவள் கையை விட்டுப் போகவில்லை. முன்னிருக்கும் முறை மட்டும் அவளைத் தாண்டித் தாண்டிப் போயிற்று.

அன்றைக்கு வாய்விட்டே கேட்டாள். தச்சுவேலை செய்யும் மத்தேயு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பொம்புள முன்னுக்கிருந்தா ஊர் சிரிக்கும்கா. நீ செய்யிறதும் பெரிய தொண்டுதானே."

"தொண்டெண்டா நீயும் செய்யன். நான் வெறியில உளுந்து கிடக்கக்குள்ளயும் ஊர் சிரிச்சதுதான். அப்ப நீயும் பக்கத்திலதான் கிடந்தாய்."

அதன் பிறகுதான் கேத்தல் கவிழ்ந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு உடம்பு எரிந்தது. தவறணை வாசலில் கால் தானாக நின்றது. இவன்களுக்காகவா நான் திரும்பக் குடிப்பேன் என்ற கோபமே அவளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போயிற்று.

அடுத்த ஞாயிறு பூசை கண்டவள், கொட்டில் பக்கம் திரும்பியும் பாராமல் வந்துவிட்டாள். வீட்டு வாசலில் அடுத்த தெரு அஞ்சலா நின்றாள். பின்னால் தள்ளாடியபடி அவள் புருசன் யாக்கோப்பு.

"இவர் குடிய விடோணுமாம் அக்கா. உங்களிட்டக் கூட்டிப் போகச் சொல்லி அழுறார்."

"சங்கத்துக்குப் போங்க. அங்க ஆம்புளயள் இருக்காங்க."

"அவங்களிட்டப் போக வெக்கமாம். வாந்தியெடுக்கிறவன்ட தலையப் பிடிச்சு விடுறது நீங்கதானாம்."

யாக்கோப்பின் கைகள் நடுங்கின. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்ததுதான். சங்கத்தாரைத் திட்டிக்கொண்டே அவன் தோளைப் பிடித்து நடத்தினாள்.

கொட்டிலில் மத்தேயு அடுப்பு ஊதிக் கண் சிவந்திருந்தான். தரை கூட்டியிருந்தது, மூலைகளில் குப்பை அப்படியே கிடந்தது. முன்னாலிருந்த பாயில் எவரும் இல்லை. செபஸ்தியம்மா யாரிடமும் கேட்கவில்லை. போய் அதில் இருந்தாள். யாக்கோப்பைப் பக்கத்தில் இருத்தினாள்.

"இண்டைக்கு என்ட முறை. ஏலாதெண்டிறவன் எழும்பிப் போகலாம்."

எவனும் எழும்பவில்லை. மத்தேயு மட்டும் முணுமுணுத்தான்: "மன்னிச்சுக்கொள்ளுகா."

"மன்னிப்பு ஆருக்கு வேணும். வாற கிழமையும் நீ கூட்டு. மூலையையும் சேத்துக் கூட்டு."

பிறகு யாக்கோப்பின் பக்கம் திரும்பினாள். குரலில் சூடு தணியவில்லை.

"நீ சொல்லு தம்பி. கடைசியா எப்ப குடிச்சாய்?"

"இண்டைக்கு விடிய" என்று சொல்லிவிட்டு அவன் அழத் தொடங்கினான். அவள் அழ விட்டாள்.

அதன் பிறகு முறை எவரையும் தாண்டிப் போகவில்லை. செபஸ்தியம்மாவின் கோபம் ஆறத்தான் நெடுநாள் பிடித்தது.