மிளகுக்காரி பாட்டு

சின்னையன் சொல்லும் எதையும் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் யாரும் நம்புவதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. தன் காட்டுப் பலாப்பழத்தை பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் கிழித்தார் என்றும், டிக்கெட் வாங்கிய பழம் ஜன்னலோர சீட்டுக்கு அடம்பிடித்தது என்றும் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. யாராவது சிரித்துவிட்டால் கோபம் வேறு வரும்.

அப்படிப்பட்டவர் இந்தச் சித்திரையில் ஓர் உண்மையைச் சொல்லி ஊரிடம் உதவி கேட்டார்.

கேட்ட இடம் சுதாகரின் டீக்கடை. சுதாகர் தினமும் காலையில் தான் என்ன பாட்டு கேட்கிறான், ஏன் கேட்கிறான் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவன். பால் திரிந்துபோனால் சோகப் பாட்டு, மாமியார் ஊருக்குக் கிளம்பினால் குத்துப் பாட்டு. மலைமேல் பாட்டு விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"சுதாகரு, ஒரு பாட்டு தேடிக் குடு சாமி. ஒருத்தி மொளகு மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு பேளுக்குறிச்சி சந்தைக்கு எறங்குறா. வளைவுக்கு வளைவு யாராச்சும் வந்து கை நீட்டுறாங்க. மொத வளைவுல கரடி. அதுக்குச் சளி. ஒரு கை மொளகு அள்ளிக் குடுக்குறா. அடுத்த வளைவுல மேகம். அதுக்கு இருமல்."

"மேகத்துக்கு இருமலா? நாங்க இடின்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

"பாட்டுல அப்படித்தான் வருது. கடேசில மூட்டை காலி. முந்தானையில ஒத்தை மொளகுதான் மிச்சம். அப்புறம் அவ மேல திரும்பி வாராளா, இல்லையா? அது எனக்குத் தெரியோணும்."

"ஏனுங்க பெரியப்பா, பலாப்பழம் பஸ்ஸுல பாடிக்கிட்டு வந்த பாட்டுங்களா இது?"

கடையே சிரித்தது. ஒருவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். சின்னையன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஆயம்மா கேட்ட பாட்டுடா."

ஆயம்மாள் அவருடைய மனைவி. மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுதாகர் போனை எடுத்து, கரடி, மேகம், ஒத்தை மிளகு எல்லாவற்றையும் எழுதி, 'தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று ஸ்டேட்டஸ் போட்டான். எழுபது எண்பது பேர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பாட்டு வந்த வழி இது. மிளகு காயும் நாட்களில் கோழி கிளறாமலும் குரங்கு இறங்காமலும் பார்க்க, பாறைமேல் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் உட்காருவார்கள். பேளுக்குறிச்சி சந்தையில் சின்னையன் ஒரு ஹெட்செட் வாங்கி வந்திருந்தார். யானை இழுத்தாலும் அறாது என்று கடைக்காரன் சொன்னதாகச் சொன்னார். அதன் ஒரு முனையை ஆயம்மாள் அவருடைய இடது காதில் செருகுவாள். இன்னொன்றைத் தன் வலது காதில் வைத்துக்கொண்டு, அவருடைய வலப்பக்கம் தோளோடு தோள் ஒட்டி உட்காருவாள். போனில் பாட்டு ஓடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சின்னையனின் இடது காது செத்துப்போய் மூன்று வருடமாகியிருந்தது. ஒரு காய்ச்சலோடு போனது. சொன்னால், காது போனவனுக்கு ஏணியில் நிலை நிற்காது என்று ஆயம்மாள் அவரை மிளகு பறிக்க மரமேற விடமாட்டாள். அதனால் சொல்லவில்லை. அவள் தலை ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆட்டுவார். மாட்டிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே கேட்பார்: "இந்தப் பாட்டு உனக்கு ஏன் பிடிச்சிருக்குது?"

ஆயம்மாள் அதிகம் பேசாதவள். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் நீளும். அப்படித்தான் மிளகுக்காரி வந்தாள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வளைவு. "இன்னைக்கு இவ்வளவுதானுங்க வந்துது" என்று நிறுத்திவிடுவாள். ஒரு பாட்டு எங்கேயாவது ஒரு மாதம் ஓடுமா என்று அவர் யோசிக்கவில்லை. பெரிய பொய்க்காரர்கள் அடுத்தவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

முந்தானையில் ஒத்தை மிளகு மிஞ்சிய அன்று சாயங்காலம் அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் மலையிறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்க வேறொன்றும் தோன்றாமல், "அந்த மொளகுக்காரி அப்புறம் என்ன ஆனா?" என்றார்.

"ஊட்டுக்கு வந்து சொல்றனுங்க," என்றாள்.

வண்டி இன்னொரு வளைவு திரும்பியது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

சுதாகரால் ஆகாததால் சின்னையன் சந்தை நாளில் பேளுக்குறிச்சிக்கு இறங்கி, சுகந்தியின் செல்போன் கடைக்குப் போனார். போனையும் ஹெட்செட்டையும் மேசைமேல் வைத்தார். சுகந்தி மெமரி கார்டை எடுத்து கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு பாட்டாக ஓடவிட்டாள். சாமி பாட்டு, கல்யாணப் பாட்டு, மழையில் நனைகிற பாட்டு. கரடி எதிலும் வரவில்லை.

"அப்புச்சி, இதுல இருக்கற பாட்டு இவ்வளவுதானுங்க."

"நல்லாப் பாரு கண்ணு. அவ இந்தப் போன்லதான் கேட்டா. இந்த ஒயர்லதான் கேட்டா."

சுகந்தி ஹெட்செட்டை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். கழற்றினாள். வலது முனையை நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.

"இதுல எந்தப் பக்கம் அவங்க வச்சுக்குவாங்க?"

"வலது."

"வலதுல சத்தமே வராதுங்க. உள்ள ஒயரு அறுந்து துருவே புடிச்சிருச்சு. ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கோணும். இடது மட்டுந்தான் பாடுது. நீங்க கேட்டிருப்பீங்களே?"

சின்னையன் இரண்டு முனைகளையும் வாங்கிப் பார்த்தார். பாடிய முனை அத்தனை நாளும் அவருடைய செத்த காதில் இருந்திருக்கிறது. செத்த முனை அவளுடைய நல்ல காதில் இருந்திருக்கிறது. ஆசையாக வாங்கி வந்தவரிடம் பழுது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவள் தலையைப் பார்த்து அவர் ஆட்டினார். அவர் தலையைப் பார்த்து அவள் ஆட்டினாள். முதலில் ஆட்டியது யார் என்று கேட்க இப்போது ஆளில்லை.

"புதுசு ஒண்ணு தரட்டுங்களா அப்புச்சி?"

"வேண்டாங் கண்ணு."

மலையேறும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பலாப்பழத்தின் ஞாபகம் வரவில்லை. இடது முனையை இடது காதிலும் வலது முனையை வலது காதிலும் செருகிக்கொண்டார். போனைத் தட்டிவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

பக்கத்தில் சந்தைக்கூடையோடு பொன்னாயி என்றொருத்தி உட்கார்ந்திருந்தாள். மலைமேல் இன்னொரு பகுதியான அரியூர் நாட்டுக்காரி, இவரைப் பற்றி ஒன்றும் அறியாதவள்.

"என்ன பாட்டுங்க, இப்படி அனுபவிச்சுக் கேக்கறீங்க?"

அவர் வலது முனையை மட்டும் கழற்றிக்கொண்டு சொன்னார். கரடியைச் சொன்னார், மேகத்தைச் சொன்னார். கரடிக்குச் சளி என்றதும் பொன்னாயி சிரித்தாள். மேகத்தின் இருமலுக்குக் கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஒத்தை மிளகு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்புறம்? ஊட்டுக்குத் திரும்பி வந்தாளுங்களா?"

ஒரு பொய் போதும். 'வந்தாள்' என்றால் முடிந்தது. பலாப்பழத்துக்கு டிக்கெட் எடுத்த நாக்கு அந்த ஒன்றை மட்டும் சொல்ல மறுத்தது. பஸ் கியரை மாற்றி முனகிக்கொண்டு ஒரு வளைவு திரும்பியது. அவர் வெளியே பாதையோரத்தைப் பார்த்தார்.

"இன்னும் வளைவு இருக்குதுங்களே," என்றார்.