செப்டம் தகடும் மெலனியின் கண்ணாடியும்

மெலனியும் டெனிஸ்டனும் மாதக்கணக்காகச் சண்டை பிடித்தது ஒரு செம்புத் தகட்டுக்காக.

இருவருக்கும் ஹம்பேர்க்கின் மேற்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. என்றோ ஒருநாள், யாரோ காசு கொடுத்தால் கட்டப்படவிருக்கும் மாபெரும் துகள் மோதுவிப்பானுக்காக, இலத்திரன் கற்றையை வெளியே எடுக்கும் பாகங்களை அங்கே ஒரு சிறிய வளையத்தில் வைத்துச் சோதித்தார்கள். உள்ளே சுற்றும் கற்றைக்கும் வெளியே போகும் கற்றைக்கும் நடுவே வேலி மாதிரி நிற்பதுதான் செப்டம் தகடு. காந்தத்தைக் கொண்டு வளைத்தால் இலத்திரன்கள் சும்மா வளைந்து கொடுக்கமாட்டா. கதிர்வீச்சைக் கக்கிவிட்டுத்தான் வளையும். அது நேரே போய்த் தகட்டில் விழும். தகடு கொதிக்கும். எவ்வளவு கொதிக்கும் என்பதுதான் வழக்கு.

கணக்குப் போடுவது மெலனியின் வேலை. மன்னாரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஹம்பேர்க்கிலேயே பிறந்தவள். கலாநிதிப் பட்டம் வாங்கிப் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' என்று போட்ட நாளிலிருந்து சொந்தக்காரர்கள் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு அவளுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தகடு இருநூறு பாகைக்குப் போகும், நெளியும் என்றாள் அவள்.

தகட்டுக்குள் ஓடும் குளிர்நீருக்குப் பொறுப்பு டெனிஸ்டன். குருநகரில் பிறந்து, ஆஹனில் பொறியியல் படித்தவர். எண்பதைத் தாண்டாது என்றார்.

"பிள்ளை, உம்மட கணக்கில என்ர தண்ணியைக் காணேல்லை," என்றார் கன்டீனில் வைத்து.

"உங்கட தண்ணி தகட்டின்ர அடியில ஓடுது அண்ணை. நெருப்பு விளிம்பில. விளிம்புக்கு ஆர் தண்ணி ஊத்துறது? நீங்களோ?"

"தேவையெண்டால் ஊத்துவன்."

சண்டை கத்தோலிக்கக் கோவில் வரைக்கும் போனது. மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசையில், சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் டெனிஸ்டன் கையை நீட்டி, "சமாதானம். எண்பது," என்றார். "சமாதானம். இருநூறு," என்றாள் மெலனி. முன்வரிசையில் நின்றவர்கள் ஏதோ பாட்டு எண் என்று நினைத்துப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

இதற்கிடையில் நகர ஆட்சியிலிருந்து ஒரு பெரிய புள்ளி ஆய்வுகூடத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. இருவருக்கும் மேலதிகாரியான பிரிங்க்மன், அன்றைக்கே முழு வலுவில் சோதனையை நடத்தி விருந்தினரை அசத்துவது என்று தீர்மானித்தார். தகடு நெளியும் என்று மெலனி எச்சரித்தாள். அவர் அவளுடைய வரைபடங்களைக் குழந்தை கீறிய படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மிக அழகான நிறங்கள் என்றார்.

மெலனிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தகடு நெளிவதை ஊரே கண்ணால் காணட்டும் என்று, கற்றை ஓடும் வெற்றிடக் குழாய்க்குள் தகட்டுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக ஒரு சிறிய கண்ணாடியைப் பொருத்தினாள். அதில் தெரியும் விம்பத்தை வெளியே இருந்த கமரா கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு அனுப்பியது. கண்ணாடியைப் பிடித்திருந்தது அலுமினியத் தாங்கி ஒன்று.

அந்த நாள் வந்தது. பெரிய புள்ளி தலைக்கவசத்துடன் வந்து நின்றார். பிரிங்க்மன் பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றி நீட்டி முழக்கினார். கற்றை ஏறியது. எல்லாரும் தகட்டின் வெப்பநிலையைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து. நாற்பது. அதற்குமேல் அது அசையவில்லை.

"நாப்பது!" என்றார் டெனிஸ்டன் மெதுவாக. "நான் கூட இவ்வளவு வடிவா எதிர்பாக்கேல்லை."

மெலனிக்குக் காது சூடானது. அப்போது கமராப் படம் மெல்லச் சரிந்தது. திரையில் தகடு சாய்ந்தது, பிறகு புகை படிந்தது, பிறகு மறைந்தது. வெற்றிடம் கெட்டு எச்சரிக்கை மணி அலறியது. கற்றை தானாகவே அணைந்தது.

இதுதானா பிரபஞ்சத்தின் தொடக்கம் என்று பெரிய புள்ளி கேட்டார்.

பிரிங்க்மன் மெலனியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். தகட்டுக்கு, குழாய்க்கு, திருகாணிக்குக்கூட வெப்பக் கணக்குப் போட்டவள். தன்னுடைய கண்ணாடித் தாங்கிக்கு மட்டும் போடவில்லை. அதற்குக் குளிர்நீரும் இல்லை. வெந்தது என்னுடைய கண்ணாடி, தவறு என்னுடையது என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். பெரிய புள்ளி, தன் அலுவலகத்தில் இப்படி ஒருவரும் சொன்னதே இல்லை என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

டெனிஸ்டன் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். சில நாள் கழித்துக் குழாயைத் திறந்தபோது அவர் அருகில் வந்து, வெந்த தாங்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"மெலனி, இது எரிஞ்ச இடத்தைப் பாரும். கதிர் தகட்டில விழவே இல்லை. ஒரு விரல் கீழால போய் நேர உம்மட தாங்கியில குத்தியிருக்கு."

"அப்ப தகடு நாப்பதில நிண்டது...?"

"சும்மா நிண்டது. வேலை வெட்டி இல்லாமல்." அவர் பெருமூச்சு விட்டார். "என்ர தண்ணியும் ஒண்டும் வெட்டிக் கிழிக்கேல்லை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். அளந்து பார்த்ததில் காந்தம் ஒரு மயிரிழை சரிந்திருந்தது. சரித்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் வருகைக்கு முதல்நாள் எடுத்த பத்திரிகைப் படத்தில், பிரிங்க்மன் அந்தக் காந்தத்தின் தாங்கியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, யானையைச் சுட்டு விழுத்தியவர் மாதிரி நின்றார். அவர் அதன் பிறகு மெலனியின் வரைபடங்களின் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

காந்தத்தை நிமிர்த்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி சோதித்தார்கள். பெரிய புள்ளிகள் யாரும் இல்லை. அவர்கள் இருவரும் ஒரு பொதி பிஸ்கற்றும் மட்டும். வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். தகடு நூறைத் தாண்டியபோது மெலனி துள்ளினாள். நூற்று நாற்பதில் போய் நின்றது. நெளியவில்லை.

"பாத்தியளோ, எண்பதைத் தாண்டிட்டுது!"

"பாத்தீரோ, இருநூறுக்குப் போகேல்லை!"

முடிவை இருவரும் சேர்ந்தே கார்ஹிங்கில் ஒரு கூட்டத்தில் விளக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னது. ரயில் ஹனோவரைத் தாண்டும் முன்பே, கூட்டத்தில் திரையில் காட்டும் முதல் படத்தில் யாருடைய பெயர் முதலில் வருவது என்று தொடங்கிவிட்டார்கள். இது சத்தம் போடக்கூடாத அமைதிப் பெட்டி என்று பக்கத்து இருக்கை மனிதர் சுட்டிக்காட்டினார். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, உணவுப் பெட்டிக்குப் போய், வசதியாக உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.